பாதமும் பாதணியும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில் நம் பள்ளிச் சிற்றாலயத்தின் வாயிலைக் கவனித்திருக்கிறீர்களா? காலணிகளைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, ஈரக் கால்களோடு நாம் உள்ளே நுழையும்போது சிமெண்டுத் தரையில் எத்தனையோ பாதச் சுவடுகள் பதிகின்றன. அவற்றை ஒரு முறை உற்றுப் பாருங்கள். சிலருடைய சுவட்டில் குதிகாலும் விரல்களின் அடிப்பகுதியும் நன்றாகப் பதிந்திருக்கும். அவை இரண்டையும் வெளிப்புறமாக ஒரு பட்டை இணைத்திருக்கும். உட்புறம் வெறுமையாக இருக்கும். வேறு சிலருடைய சுவடோ செங்கல்லை வைத்து எடுத்தாற்போல் முழுவதும் நிறைந்து காணப்படும். இன்னும் சிலருக்கு நடுப்பகுதி அறவே பதியாமல் குதிகால் ஓரிடத்திலும் முன்பாதம் வேறிடத்திலுமாகத் தனித்தனியே தெரியும். இவற்றுள் இரண்டாவது வகையைத்தான் தட்டைப் பாதம் என்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் 'சப்பைக் கால்' என்பார்கள்.

விளையாட்டு விழாவுக்கு முன்பு நடக்கும் அணிவகுப்புப் பயிற்சியில் பத்து நிமிடம் நின்றதுமே காலை மாற்றி மாற்றி வைப்பவர்கள் நம்மில் உண்டு. 'உள்ளங்கால் நோகிறது மிஸ்' என்று சொல்லி வரிசையை விட்டு விலகுபவர்களும் உண்டு. வளைய ஆட்டத்தில் வாரந்தோறும் கணுக்கால் பிரண்டு உட்கார்ந்துவிடுபவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று நினைப்பது நியாயமன்று. பலருக்குக் காரணம் காலில் இருக்கிறது. சிலருக்குக் காரணம் காலணியில் இருக்கிறது. எது காலின் குறை, எது காலணியின் குறை என்று பிரித்தறியத் தெரிந்தால் நம் பெற்றோருக்கு வீண் செலவு இல்லை. அதைத்தான் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுத முற்படுகிறேன்.

மனித உடலில் மொத்தம் 206 எலும்புகள் இருப்பதை அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். அவற்றுள் ஒரு பாதத்துக்கு 26 வீதம் இரண்டு பாதங்களிலும் 52 எலும்புகள் உள்ளன. அதாவது உடலின் எலும்புகளில் கால் பங்கு நம் பாதங்களிலேயே இருக்கிறது! இந்தச் சின்னஞ்சிறு எலும்புகளை இறைவன் தட்டையாக அடுக்கி வைக்கவில்லை, வளைவாக அடுக்கியிருக்கிறார். பழைய தேவாலயங்களின் வாயில் வளைவைப் பாருங்கள். கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால் மேலே இருக்கும் பாரம் இரு பக்கமும் பிரிந்து இறங்குகிறது. பாதத்திலும் அவ்வாறே. உட்புறமாக ஓர் உயரமான வளைவு, வெளிப்புறமாக ஒரு தாழ்ந்த வளைவு, குறுக்காக ஒன்று, ஆக மூன்று வளைவுகள் உள்ளன. நாம் பொதுவாக 'பாத வளைவு' என்று சொல்வது உட்புற வளைவையே.

ஆனால் கல் வளைவுக்கும் பாத வளைவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கல் வளைவு அசையாது. பாதமோ ஒவ்வோர் அடியிலும் சற்றே தாழ்ந்து, மீண்டும் எழுகிறது. எலும்புகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் இணைப்பு நார்களும், உள்ளங்காலின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் உறுதியான பட்டையும், கெண்டைக்காலிலிருந்து இறங்கிக் கணுக்காலின் உட்புறமாக வந்து பாதத்தைப் பிடித்துத் தூக்கும் தசைநாணும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நின்றுகொண்டு, உங்கள் கால் பெருவிரலை மட்டும் கையால் மேல்நோக்கி வளையுங்கள். உள்ளங்கால் வளைவு தானாகவே உயர்வதைக் காண்பீர்கள். கிணற்று இராட்டினத்தில் கயிற்றைச் சுற்றி இழுப்பது போல, விரலை வளைத்ததும் அடியிலுள்ள பட்டை இழுபட்டு வளைவைத் தூக்குகிறது. நாம் நடக்கும்போது குதிகாலை எடுத்து விரல்களை ஊன்றும் ஒவ்வொரு கணமும் இதுவே நிகழ்கிறது.

இனித் தட்டைப் பாதத்துக்கு வருவோம். தட்டைப் பாதம் என்றதும் பயந்துவிட வேண்டியதில்லை. கைக்குழந்தைகளின் பாதங்கள் எல்லாமே தட்டையாகத்தான் தோன்றும். கொழுகொழுவென்ற கொழுப்பு அங்கே நிறைந்திருக்கும். இணைப்பு நார்களும் தளர்ச்சியாக இருக்கும். குழந்தை வளர வளர, பெரும்பாலோருக்குப் பத்து வயதுக்குள் வளைவு தானே உருவாகிவிடும். ஆகவே நான்கு வயதுத் தம்பிக்கோ தங்கைக்கோ பாதம் தட்டையாக இருக்கிறதென்று வீட்டில் யாரும் கலங்க வேண்டாம்.

நம் வயதிலும் தட்டையாகவே இருந்தால்? அப்போது ஒரு சோதனை. சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி நில்லுங்கள். பின்னால் நின்று ஒருவர் பார்க்கட்டும். நுனிக்காலில் நின்றதும் உள்ளங்காலில் வளைவு தோன்றி, குதிகால் சற்றே உட்பக்கமாகத் திரும்பினால் அது நெகிழும் தட்டைப் பாதம். வலி இல்லாவிட்டால் இதற்கு மருத்துவமே தேவையில்லை. 1947ஆம் ஆண்டில் ஹாரிஸ், பீத் என்னும் இரு மருத்துவர்கள் கனடா நாட்டு இராணுவத்தினர் 3,600 பேருக்கு மேற்பட்டோரின் பாதங்களைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நெகிழும் தட்டைப் பாதம், வலியில்லாதபோது, ஒருவரின் வேலைக்கு இடையூறாக இருப்பதில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. மாறாக, நுனிக்காலில் நின்ற பிறகும் வளைவு வரவேயில்லை, பாதம் விறைப்பாகவே இருக்கிறது, அல்லது ஒரு காலில் மட்டும் வளைவு அண்மையில் மறைந்துவிட்டது, வீக்கமும் வலியும் இருக்கின்றன என்றால் காலணிக் கடைக்குப் போகாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் போங்கள். அங்கே காலணி மட்டும் உதவாது.

இந்த இடத்தில் பெற்றோர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அது வெளிநாட்டுச் செய்தியன்று. நம் தென்னாட்டில் நடந்த ஆய்வு. டாக்டர் ராவ், டாக்டர் பெஞ்சமின் ஜோசப் என்னும் இருவர் 4 வயது முதல் 13 வயது வரையுள்ள 2,300 சிறுவர் சிறுமியரின் பாதச் சுவடுகளை எடுத்து ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். காலணி அணியும் பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளிலோ நூற்றுக்கு 2.8 பேருக்குத்தான் இருந்தது. காலணி அணிந்தவர்களிலும், விரல்களை முழுவதும் மூடும் ஷூ அணிந்தவர்களுக்கே அது அதிகம். சாண்டல், செருப்பு அணிந்தவர்களுக்குக் குறைவு. இயற்கையிலேயே மூட்டுகள் தளர்ச்சியாக உள்ள பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு மிகுதியாகக் காணப்பட்டது. பின்னர் 1995இல் டாக்டர் சச்சிதானந்தமும் டாக்டர் பெஞ்சமின் ஜோசப்பும் வளர்ச்சி முடிந்த 1,846 பேரை ஆராய்ந்தபோதும், இளம் வயதிலேயே ஷூ அணியத் தொடங்கியவர்களிடமே தட்டைப் பாதம் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள்.

நடை பழகும் குழந்தைக்கு ஷூ வாங்கி மாட்டி அழகு பார்ப்பது இப்போது எல்லா வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. வாசலில், மண்ணில், புல்லில் குழந்தை வெறுங்காலோடு ஓடட்டும். அதன் பாதத்துத் தசைகளுக்கு அதுவே உடற்பயிற்சி. காசும் மிச்சம்! (முள்ளும் கண்ணாடிச் சில்லும் இல்லாத இடமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

'அப்படியானால் நல்ல காலணி எதற்கு? வெறுங்காலே போதுமே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்லுமுன் இன்னோர் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டாக்டர் வெங்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் தட்டைப் பாதமுள்ள சிறு குழந்தைகளில் சிலருக்குத் தனிப்பட்ட திருத்தக் காலணிகளையும் தாங்குதட்டுகளையும் கொடுத்து, சிலருக்கு ஒன்றும் கொடுக்காமல், மூன்றாண்டுகள் கவனித்தார்கள். 1989இல் வெளிவந்த முடிவின்படி எல்லாக் குழந்தைகளின் பாதமும் ஒரே அளவில்தான் சீராகியிருந்தது! காலணி வளைவை உண்டாக்கவில்லை. ஆகவே 'இந்த ஷூவைப் போட்டால் ஆறு மாதத்தில் வளைவு வந்துவிடும்' என்று கடையில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

நல்ல காலணி வளைவை உண்டாக்காது. ஆனால் வலியைக் குறைக்கும். இரண்டும் வேறு வேறு. நாம் காலை எட்டு மணிக்குப் பேருந்துக்கு நிற்கத் தொடங்கி மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பும்வரை மண்ணிலும் புல்லிலுமா நடக்கிறோம்? திருச்சி சாலையின் தார், பள்ளியின் சிமெண்டு, படிக்கட்டு. முதுகில் புத்தகப் பையின் கனம் வேறு. தளர்ச்சியான பாதம் இந்தக் கடினமான தரையில் ஒவ்வோர் அடிக்கும் உட்புறமாகச் சாய்கிறது. சாய்ந்த பாதத்தைத் தூக்கி நிறுத்தத் தசைநாண் நாள் முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் மாலையில் உள்ளங்காலும் கணுக்காலின் உட்புறமும் கெண்டைக்காலும் நோகின்றன. நம் சிங்காநல்லூர்ப் பகுதியில் தாய்மார்கள் பலர் நூற்பாலைகளில் பணிபுரிந்தவர்கள், இன்றும் பணிபுரிகிறார்கள். ஸ்பின்னிங் பகுதியில் ஒரு ஷிப்டு முழுவதும் நின்றும் நடந்தும் வேலை செய்துவிட்டு வரும் என் அம்மா, வந்தவுடன் செய்யும் முதல் வேலை வெந்நீரில் காலை வைப்பது. அம்மாவுக்கும் சப்பைக் கால். என் தங்கைக்கும் சப்பைக் கால். எனக்கும் பாதி அப்படித்தான். இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு.

சென்ற ஆண்டு என் தங்கைக்குக் கணுக்கால் மூன்று முறை பிரண்டது. ஒரு கடையில் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு ஷூவைக் காட்டி, இதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். அப்பா யோசித்தார். நாலாயிரம் என்பது எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகைக்கு ஏறத்தாழ ஆகும் தொகை. வாங்குவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் தங்கையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு, 'விலையைப் பார்க்காதீங்க, ஷூவைப் பாருங்க' என்று சொல்லி, மேசை மேலிருந்த தம் காலணி ஒன்றையே கையிலெடுத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டிக் கொடுத்தார். அவர் காட்டியபடி சோதித்து வாங்கிய காலணி அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அந்தச் சோதனைகளைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். காகிதம் போல் உள்ளே மடங்கினால் அந்தக் காலணி வேண்டாம். உறுதியாக நின்றால்தான் அது குதிகாலைச் சாயாமல் பிடிக்கும். இது எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை. மிக அழகான, பளபளப்பான காலணிகள் பல இந்த ஒரு சோதனையிலேயே தோற்றுப்போகும். அடுத்து, காலணியின் முன்னும் பின்னும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் அது வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால், நம் வளைவு இருக்கும் இடத்தில் அதற்குத் தாங்கும் வலிமை இல்லை என்று பொருள். மூன்றாவதாக, ஈரத் துணியைப் பிழிவது போல் முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் முறுகலாம்; முழுதாக முறுகக் கூடாது. நாம் உடற்பயிற்சிக்கு அணியும் மெல்லிய வெள்ளைக் கான்வாஸ் காலணிகளில் பல இந்தச் சோதனையில் துணியாகவே முறுகிவிடுகின்றன. அதிகம் ஓடியாடும் நேரத்தில் மிக மெல்லிய காலணியை அணிகிறோம் என்பது வேடிக்கைதான்.

கட்டும் வகையும் முக்கியம். நாடா, பக்கிள் வார், வெல்க்ரோ மூன்றில் ஏதேனும் ஒன்று பாதத்தின் மேற்பகுதியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். வெறுமனே காலை நுழைத்துக்கொள்ளும் கட்ஷூ நழுவாமலிருக்க, நம்மையறியாமல் விரல்களைச் சுருக்கிக்கொண்டே நடக்கிறோம். ஹவாய்ச் செருப்பும் அப்படியே. வீட்டில் குளியலறைக்குப் போக அது போதும். கடைவீதி முழுவதும் நடந்து தீபாவளித் துணி எடுக்க அது உதவாது. குதி உயரம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஆனால் அகலமாக இருக்க வேண்டும். உயரமான குறுகிய குதியில் நிற்பது கணுக்கால் தளர்ந்தவர்களுக்குக் கயிற்றின் மேல் நடப்பதற்குச் சமம்.

மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுவதும் நின்ற பாதம் மாலையில் சற்றே பெருத்திருக்கும். காலையில் சரியாக இருக்கும் காலணி மாலையில் கடிக்கும். பள்ளிக்கு அணியும் சாக்ஸைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். நம்மில் பலருக்கு ஒரு பாதம் மற்றொன்றைவிடச் சற்று நீளம். பெரிய பாதத்துக்கே அளவு எடுக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. 'போடப் போடச் சரியாகிவிடும் அம்மிணி' என்பார். சரியாவது காலணியன்று, நம் கால்தான். செருப்புக்குத் தகுந்தபடி காலைத் தறிப்பதா என்று நம் முன்னோர் கேட்டது சும்மாவா?

அளவு எண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைகளில் நாம் கேட்கும் 4, 5, 6 என்னும் எண்கள் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு. ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். ஆனால் அந்த எண் நீளத்தைத்தான் சொல்கிறது, அகலத்தைச் சொல்வதில்லை. சென்னையில் 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களைக் கருவி கொண்டு அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கரின் பாதத்தைவிட அகலம் என்று அதில் தெரியவந்தது. அதனால் இங்கே பலர், அகலம் போதாமல், தேவைக்கு மேற்பட்ட நீளமுள்ள காலணியை வாங்கி அணிகிறார்கள். பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதையொட்டி உச்சத்தை அடைகிறது என்பதும் அந்த ஆய்வில் வந்த செய்தி. இந்தியப் பாதங்களுக்கென்றே 'பா' என்ற பெயரில் புதிய அளவு முறை ஒன்றையும் அந்த நிலையம் பரிந்துரைத்தது. பாரதம் என்பதன் முதலெழுத்து அது.

நீளம் கூடிய காலணியால் என்ன கெடுதல்? குதிகால் உள்ளே ஆடும். காலணி வளையும் இடம் ஒன்றாகவும், நம் விரல் மடங்கும் இடம் வேறொன்றாகவும் ஆகிவிடும். ஆடும் குதிகாலோடு படியிறங்கினால் கணுக்கால் பிரளாமல் என்ன செய்யும்? ஆகையால் அகலப் பாதமுள்ளவர்கள் எண்ணைக் கூட்டிக் கேட்பதைவிட, முன்புறம் அகலமான வேறொரு மாதிரியைக் கேட்பதே நல்லது. வீட்டில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து, வெட்டி எடுத்துச் செல்லுங்கள். கடையில் அந்தத் தாளைக் காலணியின் அடியில் வைத்துப் பார்த்தால், முன்பகுதியில் தாள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலணிகளைப் போட்டுப் பார்க்காமலே ஒதுக்கிவிடலாம்.

எல்லாச் சோதனையிலும் தேறிய காலணி கிடைத்த பிறகும் வளைவுக்குக் கொஞ்சம் தாங்கல் வேண்டுமென்றால், அதற்கு நம் தமிழ்நாடே ஒரு வழி காட்டியிருக்கிறது. டாக்டர் பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1914இல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரிடையே பணிபுரிந்தார். தொழுநோயாளரின் பாதங்களில் புண் வருவது நோயினால் சதை அழுகுவதாலன்று. உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருப்பதால்தான் என்று அவரும் அவருடன் உழைத்தவர்களும் கண்டறிந்தார்கள். அழுத்தத்தைப் பரப்பினால் புண் வராது. அதற்காக, உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த ஒருவகை மிருதுவான ரப்பரைச் செருப்பின் மேல்தட்டாக வைத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்பது அதுதான். வேலூருக்கு அருகில் கரிகிரியில் உள்ள தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இத்தகைய காலணிகள் உருவாயின. இன்று நீரிழிவு நோயாளருக்கும் அதே எம்.சி.ஆர். செருப்பு பரிந்துரைக்கப்படுகிறது. ஏழையிலும் ஏழைகளுக்கென்று உருவான ஒரு பொருள் இப்போது எல்லாருக்கும் பயன்படுவதைப் பார்க்கையில் உள்ளம் நெகிழ்கிறது.

அந்த எம்.சி.ஆர். ரப்பர் தகடு மருத்துவக் காலணி செய்யும் கடைகளில் கிடைக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். தரம் குறைந்த பஞ்சு அமுங்கியபடியே கிடந்துவிடும். காலணியின் உள்தட்டு அளவுக்கு அதை வெட்டி, உட்புற வளைவின் கீழே மட்டும் இன்னொரு சிறு துண்டை ஓரம் சரிவாகச் சீவி ஒட்டினால் தாங்குதட்டு ஆயிற்று. எங்கள் வீட்டருகே சாலையோரம் அமர்ந்து செருப்புத் தைக்கும் தாத்தா ஒருவர் தங்கைக்கு இப்படித்தான் செய்து கொடுத்தார். 'ஒசரமா வெக்கக் கூடாது கண்ணு, கல்லு மாதிரி உறுத்தும்' என்று சொல்லி மூன்று முறை சீவிச் சீவி, தங்கையை நடக்கச் செய்து பார்த்தார். ஆம், வளைவுத் தாங்கல் இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும். உறுத்தினால் உயரம் அதிகம்.

காலணியின் குதியிலும் ஒரு மாற்றம் செய்யலாம். குதியின் உட்புற ஓரத்தை முன்னோக்கிச் சற்று நீட்டி, உட்புறத்தைச் சிறிதே உயர்த்துவது ஒரு முறை. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் என்னும் மருத்துவரின் பெயரால் அதைத் தாமஸ் குதி என்கிறார்கள். ஆனால் இதை மருத்துவரோ உடலியக்க மருத்துவரோ எழுதிக் கொடுத்தால் மட்டுமே செய்ய வேண்டும். மில் தொழிலாளர் குடும்பங்களுக்கு நம் ஊரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. காப்பீடு இல்லாதவர்களுக்கு நகரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய தொகை கொடுத்துக் காலணி வாங்குமுன் அங்கே ஒரு முறை காட்டுவது நல்லது.

கணுக்காலைப் பற்றிச் சற்றுத் தனியே சொல்ல வேண்டும். கணுக்கால் பெரும்பாலும் உட்புறமாக மடிந்து பிரளும். அப்போது வெளிப்புறத்து இணைப்பு நார்கள் இழுபடும். ஒரு முறை இழுபட்ட நார் சரியாக ஆறுவதற்கு முன் மீண்டும் ஓடினால் மீண்டும் பிரளும். 'சுளுக்கு எடுத்தாயிற்று' என்று மறுநாளே விளையாட வருவது தவறு. என் அம்மாயி சுளுக்குக்கு நல்லெண்ணெய் போட்டு உருவிவிடுவார். பாசமான கைகள்தான், என்றாலும் வீங்கியிருக்கும் முதல் இரண்டு நாள் உருவாமல், ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பதே நல்லது. கால் ஊன்றவே முடியாவிட்டால் எலும்பில் விரிசல் இருக்கலாம். படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வலி தீர்ந்த பிறகு செய்ய வேண்டிய பயிற்சிகளுக்குக் காசு வேண்டியதில்லை. பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். பழகியதும் சுவரருகே நின்றுகொண்டு கண்ணை மூடிச் செய்யுங்கள். பாதம் சாய்வதை உடனே உணர்ந்து திருத்திக்கொள்ளும் திறன் இதனால் வளரும். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்துங்கள். கீழே கிடக்கும் கைக்குட்டையைக் கால் விரல்களால் எடுங்கள். சுவரில் கை ஊன்றி, பின்னங்காலின் குதியைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னே சாயுங்கள். குதிகாலின் பெருநாண் இறுகியிருந்தால் பாதம் மேலும் தட்டையாகும், ஆகவே இது தவறாமல் செய்ய வேண்டியது. வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போடும்போதும் அந்த நாண் நன்றாக நீள்கிறது. என் தங்கை மூன்று மாதமாக இவற்றைச் செய்கிறாள். பாதச் சுவடு மாறவில்லை; செங்கல் செங்கலாகவே இருக்கிறது. ஆனால் அணிவகுப்பில் கடைசி வரை நிற்கிறாள்.

காவல் துறையிலும் இராணுவத்திலும் சேர ஆசைப்படும் தோழியர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளின் தேர்வு விதிகளில் தட்டைப் பாதம் இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. பாதம் எப்படிப்பட்டது என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே ஒரு மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்வது, தேர்வு நாளன்று தெரிந்துகொள்வதைவிட மேலன்றோ?

நம் அருட்சகோதரிகளுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். கறுப்பு மூடிய ஷூ நம் சீருடையின் ஓர் அங்கம். ஒழுங்கு வேண்டும் என்பதை நாங்கள் அறிவோம். என்றாலும் ஒன்றாம் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு, முன்னே திறந்து பின்னே வாருள்ள கறுப்புச் சாண்டலை அனுமதித்தால் என்ன? மேலே சொன்ன 1992ஆம் ஆண்டு ஆய்வு அதற்குத் துணை நிற்கிறது. விலையும் சில நேரம் குறைவு. மழை நாளில் ஈர சாக்ஸுடன் குழந்தைகள் நாள் முழுவதும் உட்கார வேண்டியதுமில்லை. அணிவகுப்பு நாளில், மருத்துவர் சீட்டு வைத்திருக்கும் மாணவிகள் மெல்லிய கான்வாஸுக்குப் பதிலாகத் தங்கள் சொந்த உறுதியான வெள்ளைக் காலணியை அணிய விடை தந்தால் வரிசையின் அழகும் கெடாது.

கடைசியாக, அக்காள் போட்டுப் பழகிய காலணியைத் தங்கைக்குக் கொடுக்கும் வழக்கம். எங்கள் வீட்டிலும் உண்டு. அநேகமாக உங்கள் வீட்டிலும் இருக்கும். சீருடை, பை, புத்தகம், குடை எல்லாம் கைமாறலாம். காலணி மட்டும் ஓராண்டில் அணிந்தவளின் பாதத்துக்கேற்பத் தேய்ந்து, உள்தட்டு அவள் பாதத்தின் அச்சாகக் குழிந்து போயிருக்கும். பழைய காலணியைத் திருப்பிக் குதியைப் பாருங்கள். உட்புறம் மட்டும் தேய்ந்திருந்தால், அதைப் போடும் அடுத்தவளின் கால் நன்றாக இருந்தாலும் அந்தப் பக்கமே சாயும். மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது காலணி நேராக நின்று, குதியும் சமமாக இருந்தால், உள்தட்டை மட்டும் புதிதாக மாற்றிவிட்டுக் கொடுக்கலாம். சாய்ந்து நின்றால் கொடுக்க வேண்டாம். ஜூன் மாதக் கூட்டத்தில் அவசரமாக வாங்குவதைவிட மே மாதத்திலேயே ஒரு மாலை நேரத்தில், அந்தப் பழைய காலணியையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே, அடுத்த காலணியில் எந்தப் பக்கம் உறுதி வேண்டும் என்பது தெரிந்துவிடும்.